ஆடி முடிவதற்குள் ஹெரால்டு

ஆடி 1, வியாழன்

மிருதுளா நேற்றே வந்துவிட்டாள். கல்யாணமான முதல் ஆடி. பெண் தாய்வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். நம் சம்பிரதாயங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். ஒரு மாதம் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். நாமக்கல்லில் பல் வைத்தியன். பெயர் நவநீதன். வெண்ணெய் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வாயில் எனக்கு அவன் 'வாங்க மாப்பிள்ளை'தான். டைரிக்கு அந்த மரியாதையெல்லாம் தேவையில்லை.

கொண்டுவந்து விட்டவன் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. சோபா நுனியில் உட்கார்ந்து, இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்ததை ஆரம்பித்தான்.

"அத்தை, ஆவணி பொறந்ததும் நீங்களும் எங்ககூட நாமக்கல் வந்துருங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது."

"எதுக்குங்க மாப்பிள்ளை?"

அவன் மிருதுளாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். சித்திரையில் நான் குளியலறையில் விழுந்த கதைதான். விழவில்லை, வழுக்கியது. பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை தரையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதை ஊர் முழுக்க விழுந்தேன் என்று சொல்லித் திரிகிறார்கள். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் மில்லில் நூல் தரம் பார்த்தவள். ஒரு கோன் நொட்டை என்றால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பியவள். என்னை மாடி ரூமில் கொண்டுபோய் வைப்பார்களாம். அதுவும் நாமக்கல்லில். முட்டையையும் லாரியையும் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது?

வெளியே வந்தவன் போர்டிகோவில் நிற்கும் பழைய ஹெரால்டு காரைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் சின்னராஜ் தன் வாழ்நாளில் பாதியை அதன் அடியிலேயே படுத்துக் கழித்தார். போன புரட்டாசியில் அதன் எஞ்சினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்தார். மறுநாள் மனுஷன் போய்விட்டார். செய்தித்தாள் அப்படியே கிடந்தது, வண்டியும் அப்படியே நின்றுவிட்டது. எதையாவது முழுதாக முடித்துவிட்டுப் போயிருந்தால் அது அவர் இல்லை.

"வண்டிய நான் ரெடி பண்ணித் தரட்டுங்களா?" என்றான் பல்பிடுங்கி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பண்ணுங்க மாப்பிள்ளை. இந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும் நானும் இங்கதான். ஆடி முடியறதுக்குள்ள அது கெளம்புனா, நானும் நாமக்கல் கெளம்பறேன். கெளம்பலேன்னா இந்தப் பேச்ச அதோட விட்டுரணும்."

"நெசமாவாங்க?"

"பேசுன பேச்சு பேச்சுதானுங்க."

ஸ்டெப்னி எது என்று கேட்டால் முழிக்கிறவன். வீடு எனக்குத்தான்.

ஆடி 2, வெள்ளி

அரிசிம்பருப்பு சாதம். இரண்டு பேருக்குச் சமைக்கும் அளவு மறந்துபோயிருக்கிறது. மிஞ்சிவிட்டது.

ஆடி 4, ஞாயிறு

காலை டிபனுக்கே வந்துவிட்டான். ஆடியில் மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று அவன் வீட்டில் யாருமே சொல்லவில்லையா? கேட்டால் "வண்டி வேலைங்க அத்தை" என்கிறான். வண்டி வேலை செய்கிறவனின் கண் எதற்குச் சமையலறை ஜன்னலிலேயே இருக்கிறது? மிருதுளாவும் அந்த ஜன்னலில் நின்றுதான் வெங்காயம் உரிப்பேன் என்கிறாள். பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பானெட்டைத் திறக்கவே அரைமணி. ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுசாகத் தூக்கி முன்னால் சாயும், கொக்கி பக்கவாட்டில் இருக்கும். இவன் ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு நெம்புகோல் தேடுகிறான். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லை.

பிறகு கையுறை போட்டான், நெற்றியில் விளக்கைக் கட்டினான். வண்டி ரிப்பேர் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி அச்செடுத்து வந்திருக்கிறான். அதைப் படித்துப் படித்து டிஸ்ட்ரிபியூட்டரை அதன் குழியில் இறக்கினான். நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்புப் பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சாமான் அது. அதன் அடியில் ஒரு நாக்கு, நடுவில் இல்லாமல் சற்றே ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். அதனால் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். குருடன் போட்டாலும் சரியாக உட்காரும். உட்கார்ந்ததும் இவன் என்னவோ இமயமலை ஏறினவன் போல நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான்.

சாமானில் துருவே இல்லை என்று ஆச்சரியப்பட்டான். "யாரோ எண்ணெ போட்டு வெச்சிருக்காங்களேங்க." நான்தான். மாதம் ஒரு முறை, அவருடைய பனியன் துணியில் சுற்றி. நல்ல பொருள் வீணாகக் கூடாது, வேறொன்றுமில்லை.

சாப்பாட்டில் சந்தகையை ஒரு கை பார்த்தான். பல் வைத்தியனுக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆடி 7, புதன்

மிருதுளா போனில் பேசிச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். லாரி மெக்கானிக் ஒருவர் கடைவாய்ப் பல்லுக்கு வந்தாராம். வேர் சிகிச்சை செய்துகொண்டே அவரிடம் இவன் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறான். வாயைத் திறந்து, பஞ்சு அடைத்து, குழாய் சொருகி வைத்த மனிதரிடம். அவரும் விரலாலேயே ஏதோ சொன்னாராம்.

டீசல் லாரிக்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பிளக்கும் கிடையாது. கேட்டவன் ஒரு முட்டாள், விரலை ஆட்டியவன் இன்னொரு முட்டாள். நடுவில் இவள் சிரிக்கிறாள்.

ஆடி 11, ஞாயிறு

இன்று கொஞ்சம் வேலை நடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றினான். முதல் சிலிண்டர் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மிருதுளாவை எஞ்சின் விசிறியைப் பிடித்து மெல்லச் சுற்றச் சொன்னான். காற்று விரலைத் தள்ளும் நேரத்தில் பிஸ்டன் மேலே வருகிறது என்று அர்த்தம், பொறி விழ வேண்டிய நேரம் அது. சின்னராஜும் இப்படித்தான் விரல் வைப்பார். விசிறி சுற்றுவது நான்.

"தள்ளுது, தள்ளுது" என்றான். ஏதோ வயிற்றில் பிள்ளை உதைத்த மாதிரி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி. மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து மயிரிழை கணக்கில் வைக்க வேண்டும். சின்னராஜ் அதற்கு ஒரு மணி நேரம் திட்டுவார், எஞ்சினையும் என்னையும். இவன் ஒரே முறையில் வைத்துவிட்டான். நாள் முழுக்கப் பல் சந்தில் நோண்டுகிறவனுக்கு இதிலென்ன பெருமை.

சாப்பிட வந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் ரோட்டரைக் காணோம். டிஸ்ட்ரிபியூட்டர் நடுவே சுழலும் சின்னத் துண்டு, பெருவிரல் அளவு. அது இல்லாவிட்டால் பொறி எங்கேயும் போகாது. போர்டிகோ முழுக்கத் தேடினான். பூந்தொட்டியை எல்லாம் நகர்த்தினான்.

"இங்கதான் வெச்சேங்க அத்தை, முக்காலி மேல."

"எலி இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றேன்.

சாமானை வைத்த இடம் தெரியாதவன் எஞ்சினில் கை வைக்கலாமா? வாய்க்குள் இப்படி எதையாவது தொலைத்தால் நோயாளியின் கதி என்ன?

ஆடி 13, செவ்வாய்

மிருதுளா ரசத்துக்குத் தாளிக்கக் கடுகு எடுக்கப் போனாள். நீ உட்கார், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். அவளுக்கு எந்த டப்பா எங்கே என்று தெரியாது.

ஆடி 14, புதன்

மழை. முழங்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இன்றைக்கு மாப்பிள்ளையை முறைப்படி அழைத்து விருந்து வைக்க வேண்டும், வேறு வழியில்லை. ஒப்புட்டு, கச்சாயம், எல்லாம் செய்தேன். அவனுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தேன். வேட்டியை வாங்கி உடனே மிருதுளா கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து புது ரோட்டர் ஒன்றை எடுத்தான். திருச்சியில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தானாம். விடாக்கண்டன்.

அதைப் பொருத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாட்டினான். அதிலிருந்து நான்கு பிளக்குக்கும் ஒயர் போக வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகினான். புது பேட்டரி, புது பெட்ரோல். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் இரண்டு முறை உருண்டது. பிறகு கார்புரேட்டர் வழியாகப் பட்டென்று ஒரு வெடி. காக்கை எல்லாம் எழுந்து பறந்தது. இறங்கி வந்து குனிந்து பார்த்தவன் மிருதுளாவை மறுபடி சாவி திருப்பச் சொன்னான். இன்னொரு வெடி. முகமெல்லாம் கரி. புருவம் மட்டும் கொஞ்சம் பழுப்பாக.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கச்சாயம் தொண்டையில் சிக்கி இருமல் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. மிருதுளா வந்து, "அம்மா, நீ சிரிக்கறயா?" என்றாள். "நீ சிரிச்சு எத்தன நாளாச்சு" என்றாள். இருமினால் சிரிப்பாம்.

அது ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மிருதுளா பிறப்பதற்கு முன் ஒரு முறை சின்னராஜ் எஞ்சினை முழுதாகப் பிரித்தார். திரும்பப் பூட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் அடிப் பல்சக்கரத்தை அரைச் சுற்றுத் தள்ளிப் போட்டுவிட்டார். அதாவது ஒன்றாம் சிலிண்டருக்குப் பொறி விழ வேண்டிய நேரத்தில் ரோட்டர் நேர் எதிர்ப்பக்கம் நான்காம் ஓட்டையைப் பார்த்து நிற்கும். மூன்றுக்கு இரண்டு. கண்டுபிடித்தபோது பாதி ராத்திரி ஆகி, வேலையும் முடிந்திருந்தது. மறுபடி பிரித்திருக்க வேண்டும். செய்தாரா? ஒயர்களை மட்டும் எதிரெதிராக மாற்றிச் சொருகினார். வண்டி ஓடியது. அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை. "வேணி, வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்றார். தப்பைத் திருத்தாமல் தப்புக்குத் தகுந்தபடி மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டு காலம் முழுக்க ஓட்டினார். அந்த வண்டியில்தான் நானும் ஓட்டப் பழகினேன். காலை ஷிப்டுக்கு மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் சூப்பர்வைசர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஆகவே புத்தகப்படி ஒயர் சொருகுகிற எவனுக்கும் அது கிளம்பாது. இந்த வெண்ணெய் புத்தகத்தைத் தாண்டி யோசிக்கிற ஜாதி இல்லை. கவலையில்லை.

ஆடி 20, செவ்வாய்

கடுகு டப்பாவில் கடுகு மட்டும்தான் இருக்கிறது. அடிவரைக்கும் துழாவிப் பார்த்தேன்.

வேறென்ன இருக்கப் போகிறது. கடுகு டப்பாவில் கடுகுதான் இருக்க வேண்டும்.

ஆடி 22, வியாழன்

மிருதுளா இரண்டு நாளாக என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறாள். இன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு அங்க வர்றதுன்னா அவ்வளவு கசக்குதாம்மா?"

"கசக்கறதுக்கும் இனிக்கறதுக்கும் அது என்ன மருந்தா?"

"இல்ல, நேராச் சொல்லு. நாங்க உன்ன நல்லாப் பாத்துக்க மாட்டோம்னு நெனக்கறயா?"

"என்னைப் பாத்துக்கறதுக்கு நான் இருக்கறன்."

அவள் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "ஆவணி ஒண்ணாந்தேதி நான் போனதுக்கப்பறம் நீ யாருகூடம்மா சண்டை போடுவே?" என்றாள்.

"செவுரு இருக்குது."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாயை மூடாமல் போகிறாள், அந்தப் பழக்கம் அவள் அப்பாவுடையது. சாயங்காலம் போர்டிகோவில் போய் உட்கார்ந்தேன். இங்கே எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தச் சுவரில் எண்ணெய்க் கறை, அவர் தலை சாய்த்த இடம். வெள்ளை அடிக்க வந்தவனை அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். கறையின் மேல் அடித்தால் சுண்ணாம்பு நிற்காது, அதனால்.

அங்கே மாடி ரூமில் சுவர் புத்தம் புதிதாக இருக்கும்.

ஆடி 25, ஞாயிறு

இன்று பல்பிடுங்கி சரியாகவே இல்லை. வந்ததிலிருந்து ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை.

புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. மறுபடி ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, விரல் வைத்து, மெல்ல மெல்லச் சுற்றினான். மூடியைத் திறந்து, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மிருதுளாவிடம் நகப்பூச்சு கேட்டான். சிவப்பு. அதை வைத்து உள்ளே குனிந்து என்னவோ புள்ளி வைத்தான். அலங்காரமாம். எஞ்சினுக்கு மருதாணி ஒன்றுதான் பாக்கி.

காபி கொண்டு போனேன். சின்னராஜின் முக்காலியில் உட்காரப் போனவன் நின்றுவிட்டான்.

"மாமா எப்பவும் இங்கதான் உக்காருவாருங்களா?"

"ஆமாங்க."

முக்காலியைப் பார்த்தான், சுவரில் கறையைப் பார்த்தான். காபியை நின்றுகொண்டே குடித்தான். அதற்குப் பிறகு அந்த முக்காலியில் சாமானும் வைக்கவில்லை, அவனும் உட்காரவில்லை. போன வாரமெல்லாம் உட்கார்ந்துதான் வேலை செய்தான். அதிக விளையாட்டுக் காட்டுகிறான்.

சாவியைத் திருப்பவே இல்லை. "பேட்டரி எறங்கியிருக்கும் போலங்க. சுதந்திர தினத்தன்னிக்கு லீவு, வந்து கடைசியா ஒருக்காப் பாத்தர்றேன்" என்றான். பஸ்ஸுக்குப் போகும் முன் மிருதுளாவும் அவனும் கேட் அருகே நின்று நிறைய நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். அவள் கண்ணைத் துடைத்தாள். ஆடியில் இப்படி நின்று பேசுவதே தப்பு. கூப்பிடப் போனேன். பிறகு பால் பொங்கும் சத்தம் கேட்டது.

ஆடி 28, புதன்

ஒன்றுமில்லை. வெண்டைக்காய் முற்றல். திருப்பி அனுப்பினேன்.

ஆடி 30, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்.

காலையில் வந்தான். போன முறை கழற்றி எடுத்துப் போன பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். ஒயர்களை ஒரு முறை தொட்டுப் பார்த்தான், ஏறினான், சாவியைத் திருப்பினான். பட். மறுபடி. பட். மூன்றாவது முறை திருப்பவில்லை. இறங்கி பானெட்டை மூடி, கைக்குட்டையால் அதன் மேலிருந்த கை அடையாளத்தைத் துடைத்தான்.

"எனக்கு வராதுங்க அத்தை. நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனி நாமக்கல் பேச்ச நாங்க எடுக்க மாட்டோம்."

"பரவால்லைங்க மாப்பிள்ளை. எல்லாருக்கும் எல்லாம் வருமா?" என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

தோற்றவன் முகம் எனக்குத் தெரியும். மில்லில் எத்தனை பார்த்திருக்கிறேன், மூட்டையைத் திருப்பி அனுப்பும்போது. கோபம் இருக்கும், இல்லாவிட்டால் கெஞ்சல் இருக்கும். இவன் முகத்தில் இரண்டும் இல்லை. மிருதுளாவும் வருத்தப்படவில்லை. அவனுக்கு இரண்டாவது முறை ரசம் ஊற்றினாள். புருஷன் தோற்றால் பெண்டாட்டிக்கு ரோஷம் வர வேண்டாமா? என்ன பிறவிகளோ.

சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டிருக்கிறேன். இருவருமே சொல்லவில்லை. நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

ஆடி 31, சனி

காலையில் மிருதுளா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை ஆவணி, அவன் வந்து அழைத்துப் போவான். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அந்த வெண்ணெய் எவ்வளவு கேவலமாக வேலை செய்து வைத்திருக்கிறான் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் தூக்கினேன்.

முப்பது வருஷம் தரம் பார்த்தவள். குறை கண்ணில் படாமல் போகாது. தேடினேன். கிளாம்பு சரியாக இறுகியிருக்கிறது. பாயிண்ட் இடைவெளி தகடு வைத்துப் பார்த்தேன், சின்னராஜ் ஒரு நாளும் இப்படி வைத்ததில்லை. முனைகளில் பிசிறில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது திருச்சி ரோட்டர் இல்லை. ஓரம் உடைந்த நம் பழைய ரோட்டர். கையில் எடுத்துக் கவிழ்த்தேன். அடிக்குழியில் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

நின்றுவிட்டேன்.

மூடியில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான்கு ஓட்டைக்கும் பக்கத்தில், ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, நான்கு. ஒயர்களிலும் அதே போல. ஒற்றைப் புள்ளி ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். புத்தகம் சொல்லும் இடத்தில் இல்லை. நேர் எதிரே, சின்னராஜ் சொருகிய இடத்தில் இருந்தது. நான்கும் அப்படியே. அரைச் சுற்றை அவன் கண்டுபிடித்திருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்து, மறக்காமல் இருக்கப் புள்ளியும் வைத்திருக்கிறான்.

ஆனால் ஒற்றைப் புள்ளி ஒயர் ஒற்றைப் புள்ளி ஓட்டையில் இல்லை. நான்கில் இருந்தது. நான்கு ஒன்றில். இரண்டு மூன்றில், மூன்று இரண்டில். கை தவறி இப்படி அமையாது. தெரிந்தே மாற்றிச் சொருகிவிட்டு, நேற்று என் எதிரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடுகு டப்பாவில் பார்த்தார்கள், இந்தக் கிழவிக்கு வீட்டை விட்டு வர இவ்வளவு பயமா என்று நினைத்தார்கள், இருவருமாகச் சேர்ந்து எனக்கு வீட்டைத் தானம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் தோற்றுப்போன மாதிரி நடித்து, கைக்குட்டையால் பானெட்டை வேறு துடைத்து, உப்புச் சாம்பாரை வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். நான் திருடினேன், அது என் ஆட்டம். அதற்கு இவன் யார் விட்டுக்கொடுக்க? யாரிடமும் ஓசியில் ஒரு கோன் நூல் வாங்கினவள் இல்லை நான்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. கண் எரிந்தது, பெட்ரோல் வாடை.

பிறகு எழுந்து, கடுகைத் தட்டிவிட்டு ரோட்டரை வைத்தேன். ஒயர்களைப் பிடுங்கினேன். ஒன்றை ஒன்றில், மூன்றை மூன்றில், நான்கை நான்கில், இரண்டை இரண்டில். புடவையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன்.

அரை உருட்டல்தான். பிடித்துக்கொண்டது.

மிருதுளா கையில் மடித்த புடவையோடு ஓடி வந்தாள். போர்டிகோ முழுக்கப் புகை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"அம்மா, இன்னிக்கு ஆடி முப்பத்தொண்ணு. இன்னும் ஆடி முடியலம்மா."

"தெரியும். காலண்டர் தாள தெனம் நாந்தான் கிழிக்கறேன்."

"அப்ப நீ..."

"உம் புருஷனுக்குப் போன் போட்டீன்னா காலை ஒடிச்சுருவேன். போய்ப் பெட்டிய அடுக்கு. எம்பட பெட்டி பரண்மேல இருக்குது, அதையும் எறக்கு."

தெருவை இரண்டு முறை சுற்றி வந்தேன். பிரேக் கொஞ்சம் இழுக்கிறது. மதியம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதையும் டயரையும் பார்க்கச் சொன்னேன். வண்டியைப் பார்த்துவிட்டு, "டைமிங் யாருங்க வெச்சது, கடிகாரம் மாதிரி ஓடுது" என்றார்.

"எங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் கேட்டார், சொன்னேன். வேறென்ன சொல்வது.

ஆவணி 1, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாப்பிள்ளை கையில் இனிப்புப் பெட்டியோடு இறங்கி ஆட்டோ தேடினார். ஹார்ன் அடித்தேன். ஹெரால்டைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தார், பெட்டியைக் கீழே விடப் பார்த்தார்.

"எப்பங்க அத்தை கெளம்புச்சு?"

"நேத்துங்க."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். "நேத்து ஆடிங்களே" என்றார், மெதுவாக.

"ஆமாங்க. ஆடி முப்பத்தொண்ணு. நான் தோத்துட்டேன்."

"அத்தை, அதெல்லாம் வேணாங்க. நீங்க உங்க வீட்லயே இருங்க. நாங்க வாராவாரம்..."

"நீங்க புள்ளி வெச்ச மாதிரிதான் சொருகுனேன். புடிச்சுக்குச்சு" என்றேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. "கேட்டுக்கங்க மாப்பிள்ளை. எனக்கு யாரும் விட்டுக்குடுக்க வேண்டியதில்ல. பேசுன பேச்சுக்கு வர்றேன். வண்டியும் வரும். சாவி எங்கிட்டத்தான் இருக்கும். புடிக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துட்டு வந்துருவேன். வீட்ட யாருக்கும் விடப் போறதில்ல."

"சரிங்க அத்தை."

"அந்தச் சாம்பார்ல உப்பு எச்சுன்னு ஏன் சொல்லல?"

யோசித்தார். "வாய் தெறக்கப் பயமா இருந்துச்சுங்க" என்றார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர். எனக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

மாப்பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. ஆனால் முன்சீட்டில் முக்காலி இருந்தது. வீட்டில் அதை விட்டுவிட்டுப் போனால் யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்று எடுத்து வைத்திருந்தேன். எங்கே வைப்பது என்று நான் பார்ப்பதற்குள் அவரே அதைத் தூக்கி, முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படியும் என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். வீடு வரும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூவரும் கிளம்புகிறோம். பெட்டியில் வைத்தவை: நான்கு சேலை, முழங்கால் தைலம், இந்த டைரி. கடைசியாகக் கடுகு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அங்கேயும் எதையாவது ஒளித்து வைக்க வேண்டிவரும்.